ஒழுங்கூர் ராணி

கண்ணைத் திறக்காதீர்கள். திறந்தால் மருந்து வழிந்துவிடும், அப்புறம் அந்த நர்ஸ் பெண் வந்து மறுபடியும் முதலிலிருந்து விடுவாள். எனக்கு இது இரண்டாவது தடவை. முதல் தடவை அவள் அந்தப் பக்கம் போனதும் டோக்கன் எதுவரை வந்திருக்கிறது என்று கொஞ்சம் பார்த்தேன், அவ்வளவுதான், கண் பாப்பா விரியவில்லையாம். நீங்கள் புரைக்குத்தானே வந்திருக்கிறீர்கள்? இல்லையா, சர்க்கரையா? அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நம் வயசில் இரண்டில் ஒன்றுதான்.

அந்த டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஏற்கெனவே ஒருமுறை எழுந்து போய்ச் சொல்லிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லிவிட்டு எதற்கு டிவி? குழந்தைகளும் வருகிறார்கள் மேடம் என்கிறார் கவுண்டரில் இருப்பவர். கேட்கிறதல்லவா, கார்ட்டூன். டமால், டுமீல், ஐயோ அம்மா. நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், நானே ஒரு கார்ட்டூனில் ராணியாகப் பேசியிருக்கிறேன். தீபாவளிக்கு மேல் டிவியில் வரப்போகிறது. எந்த சேனல் என்றுதானே கேட்க வருகிறீர்கள், அதைச் சொல்லக் கூடாது, கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அதில் எனக்கு நடந்த அநியாயத்தைச் சொல்லக் கூடாது என்று யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

எங்கள் வீடு கே.கே. நகரில். கீழ்ப் போர்ஷனில் முன்பு ஒரு டியூஷன் சென்டர் இருந்தது, காலி செய்துவிட்டார்கள். அப்போதுதான் இந்த ஜெபராஜ் வந்தான். நாகர்கோவில் பக்கம், முப்பது வயசு இருக்கும், தாடி. குழந்தைகளுக்கு அனிமேஷன் தொடர் செய்கிறோம் ஆன்ட்டி, சத்தமே இருக்காது, எல்லாரும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம் என்றான். எங்கள் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் இன்ஜினியர், அவருக்கு எதுவும் சத்தமில்லாமல் இருந்தால் போதும். சரி என்றுவிட்டார்.

சத்தம் அவர்களால் வரவில்லை. என் பெண்ணால் வந்தது.

தாரிணி, அப்போது ஏழாம் வகுப்பு. ஒரே பெண். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்தவள். சின்ன வயசில் வாய் மூடாமல் பேசுவாள், அவளை நிறுத்துவதுதான் எங்களுக்கு வேலை. அப்புறம் எப்போது என்றே தெரியவில்லை, குழாயை மூடினமாதிரி நின்றுவிட்டது. ஸ்கூல் எப்படி இருந்தது என்று கேட்டால் “ம்.” சாப்பாடு போதுமா, “ம்.” டாக்டரிடம்கூடக் கூட்டிப்போனேன். அவர் அவளிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் நானே விவரமாகப் பதில் சொன்னேன், அப்படியும் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் நீங்கள் வெளியே இருக்கிறீர்களா என்றார். நான் ஏன் வெளியே இருக்க வேண்டும்? வேறு டாக்டர் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

அப்படிப்பட்டவள், கீழே அந்தக் கம்பெனி வந்த இரண்டு வாரத்தில், ஸ்கூல் விட்டு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் கீழேயே நுழைந்துவிடுவாள். நான் மேலே காபி கலந்துகொண்டிருப்பேன். தரைக்கு அடியிலிருந்து சிரிப்பு வரும். என் பெண்ணின் சிரிப்பு. அதற்குப் பின்னால் பேச்சு, மூச்சு விடாமல் பேச்சு. என்ன பேசுகிறாள் என்று புரியாது, காதைத் தரையில் வைத்துக்கூடப் பார்த்தேன். மேலே ஏறி வந்து காபியைக் குடித்துவிட்டு, “ம்.”

ஒரு தாய்க்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள். வேண்டாம், எனக்கே தெரியும். கீழே சிரிக்கிறவளை மேலே சிரிக்கவைக்க வேண்டும், எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் நானும் கீழே இறங்கினேன். இல்லாவிட்டால் எனக்கும் கார்ட்டூனுக்கும் என்ன?

போய்ப் பார்த்தால் அங்கே ஒரு உலகமே ஓடிக்கொண்டிருக்கிறது. கதை என்னவென்றால், சிட்டு என்று ஒரு பெண். அவளுக்கு மூன்று சக்கரத்தில் ஓடுகிற ஒரு பழைய மீன்பாடி வண்டி கிடைக்கிறது. அது பெட்ரோலில் ஓடாது. யாருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியை ஏறி உட்கார்ந்து கேட்டால்தான் கிளம்பும், கிளம்பினால் பறக்கும். கூட ஒரு காக்கா, அதன் பெயர் வக்கீல். அது எல்லாவற்றுக்கும் சட்டம் பேசும். இரண்டும் ஊர் ஊராகப் போய் மாட்டிக்கொண்டு தப்பித்து வரும். பத்து வயசிலிருந்து பதிமூன்று வயசுப் பிள்ளைகளுக்கு. குழந்தையும் இல்லாமல் பெரியவர்களும் இல்லாமல், எதைச் சொன்னாலும் கண்ணை உருட்டுகிற வயசு. சிட்டுவுக்குக் குரல் யார் தெரியுமா? என் பெண். எனக்கே அப்போதுதான் தெரியும். அவள் அப்பாவிடம் அனுமதி கேட்டிருக்கிறாள், இவரும் தலையாட்டியிருக்கிறார்.

எல்லாம் சரி, நீதி எங்கே என்று ஜெபராஜைக் கேட்டேன். தலையைச் சொறிந்தான். அதுதான் ஆன்ட்டி கஷ்டமாக இருக்கிறது, ஒவ்வொரு கதையிலும் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல விஷயம் இருக்க வேண்டும் என்று சேனலில் சொல்லியிருக்கிறார்கள், எங்களுக்கு அது வரவில்லை என்றான்.

வராது. எப்படி வரும்? நான் குன்னூரில் கான்வென்ட்டில் படித்தவள், ஹாஸ்டலில் இருந்து. மாரல் சயின்ஸில் வருஷா வருஷம் முதல் பரிசு. சிஸ்டர் பெனடிக்டா கதையைச் சொல்லி முடித்ததும் கரும்பலகையில் ஒரு வரி எழுதுவார். அந்த வரிதான் விஷயம். கதையெல்லாம் அந்த வரிக்குக் கொண்டுபோய் விடுகிற படிக்கட்டு. இதை அவர்களுக்கு விளக்கி, அன்றைக்கே மேலே போய் எழுத உட்கார்ந்தேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல். படுக்கையை நீயே மடி. பிறர் பொருளுக்கு ஆசைப்படாதே. காக்காவை வைத்தே ஏழெட்டு எழுதினேன்.

முதல் கதையைத் தெருப்பிள்ளைகளை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார்கள். முழுப் படம் இல்லை, பென்சில் படங்களை வரிசையாக அடுக்கிக் குரலை ஓட்டுவார்கள், அதற்கே பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. கடைசியில் என் வரி வந்தது. எல்லாரும் எழுந்து செருப்பைத் தேடப் போய்விட்டார்கள். வளர்ப்பு, என்ன சொல்ல. செருப்பைப் போடுகிற வரைக்கும் வாசலில் நின்று அந்த வரியை நானே இரண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

அன்றைக்கு ஜெபராஜ், அங்கே ஒலிப்பதிவு பார்க்கிற ஷப்னம் என்கிற பெண், என் பெண், மூன்று பேரும் ரொம்ப நேரம் கூடிக் கூடிப் பேசினார்கள். மறுநாள் ஜெபராஜ் மேலே வந்து சொன்னான். ஆன்ட்டி, உங்கள் நீதியை எல்லாம் கடைசியில் வைக்காமல் ஒரே ஆளின் வாயில் வைத்துவிடலாம், ஒரு ராணி, ஒழுங்கூர் என்று ஒரு ஊர், அங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கும், மேகம்கூட வரிசையில் நிற்கும். எனக்கு அப்படியே நெஞ்சு நிறைந்துவிட்டது. இதைத்தானே நான் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த யோசனை யாருடையது என்றேன். தாரிணியோடது என்றான். அப்போது எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்கள். அம்மாவைப் புரிந்துகொண்டாளே.

டோக்கன் என்ன கூப்பிட்டார்கள் இப்போது? கேட்கவிடாமல் பேசினால் எப்படி? நீங்கள் இல்லை, அந்தப் பக்கத்து ஆட்கள்.

ராணிக்குக் குரல் தேடினார்கள். நாடகத்தில் நடிக்கிறவர்கள், ரேடியோவில் பேசுகிறவர்கள், யார் யாரோ வந்து பேசிப் பார்த்தார்கள். எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் ஷப்னம்தான் நீங்களே பேசுங்கள் ஆன்ட்டி என்றாள். என் உச்சரிப்பு அப்படி. கான்வென்ட்டில் எலொகியூஷன் பேச்சுப் போட்டிக்கும் பரிசு வாங்கியிருக்கிறேன்.

இந்தத் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. முதலில் குரல், அப்புறம்தான் படம். குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் வாயை வரைவார்கள். முகத்துக்கும் கைக்கும் மாதிரி வேண்டும் என்று நாம் பேசும்போது ஒரு சின்ன கேமராவும் ஓடிக்கொண்டிருக்கும். பேசுகிறவர்களை ஒன்றாக உட்காரவைக்க மாட்டார்கள். பீரோ அளவுக்கு ஒரு அறை, அதில் ஒருத்தர் ஒருத்தராக உள்ளே விட்டு, அவரவர் வசனத்தை மட்டும் ஒரு தாளில் கொடுப்பார்கள். எதிராளி என்ன சொல்கிறான் என்று நமக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. நம் பதிலைச் சொல்லிவிட்டு வந்துகொண்டே இருக்கலாம். எனக்கு அந்த முறை ரொம்பப் பிடித்துப்போயிற்று. வீட்டில் எல்லாம் இப்படி இருந்தால் எவ்வளவு நேரம் மிச்சம் என்று நினைத்துக்கொள்வேன்.

தாளில் இருப்பதை மட்டும் நான் பேசவில்லை. தோன்றுவதை எல்லாம் சேர்த்துப் பேசினேன். “நீ சொல்ல வர்றது எனக்குத் தெரியும்.” “வாயைத் திறக்காதே, நான் சொல்றேன் உனக்கு என்ன வேணும்னு.” கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருப்பார்கள். அவ்வளவு உணர்ச்சிவசப்பட்டிருந்தார்கள்.

இதற்கு நடுவில் குன்னூர் விஷயம். அதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்குப் புரியாது.

நான் கீழே போக ஆரம்பித்ததிலிருந்து தாரிணி கீழேயும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். நான் உள்ளே நுழைந்தால் சிரிப்பு நின்றுவிடும். மேலேயும் “ம்”, கீழேயும் “ம்” என்றால் பெண் என்னாவது? நான் படித்த கான்வென்ட்டுக்கே எழுதிப்போட்டேன். பழைய மாணவி என்பதால் எட்டாம் வகுப்புக்கு ஜூனில் ஹாஸ்டல் சீட் கொடுத்துவிட்டார்கள். அங்கே விட்டால் சிஸ்டர்கள் பேசவைத்துவிடுவார்கள் என்று எனக்கு நம்பிக்கை. ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். தாரிணி தட்டிலிருந்து நிமிர்ந்தாள். கண் இரண்டும் இவ்வளவு பெரிசாக. “அம்மா, நான்...” என்றாள். “தெரியும்டி, குளிர் தாங்காதுன்னு சொல்லப்போறே. எல்லாம் பழகிடும். நான் பழகலையா?” என்றேன். “ம்” என்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். பாவம், அதிர்ச்சி.

அதற்கப்புறம் அவள் பட்ட பாட்டைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அப்பா போனை வாங்கிக் குன்னூரில் இன்றைக்கு எத்தனை டிகிரி என்று தினமும் பார்ப்பாள். அவ்வளவு பயம். அந்த மலை ரயில் எங்கெங்கே நிற்கும் என்று அவரைக் கேட்டுத் துளைப்பாள். ஒருநாள் மார்க்கர் பேனாவை எடுத்துக்கொண்டு சாக்ஸ் சாக்ஸாகத் தன் பெயரை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹாஸ்டலில் துணி மாறிப்போகும் என்று யாரோ சொன்னார்களாம். முணுமுணுவென்று ஏதோ பாட்டு வேறு. மனசில் கனம் இருந்தால்தான் சில பேருக்குப் பாட்டு வரும், என் தங்கைக்கும் அப்படித்தான். நான் நாலு நாள் தூங்கவில்லை. ஆனால் சீட் கிடைத்துவிட்டதே, கௌரவம் இருக்கிறதல்லவா, நானாக வேண்டாம் என்று எப்படிச் சொல்வது.

இருக்கட்டும். மார்ச்சில் ஒழுங்கூர் கதையைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டுக் காட்டினார்கள். வண்ணமெல்லாம் தீட்டி, அசைகிற படம். ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில், நான் பின்னால் டீச்சரோடு நாற்காலியில், பட்டுப் புடவை கட்டிக்கொண்டு. ராணி வந்தாள். என் குரல் வந்தது. உடனே கூடமெல்லாம் சிரிப்பு.

முதலில் நான் புரிந்துகொள்ளவில்லை. ராணி சிட்டுவைப் பார்த்து, வாயைத் திறக்காதே நான் சொல்றேன் உனக்கு என்ன வேணும்னு என்றதும் பிள்ளைகள் ஊளையிட்டார்கள். விஷயம் என்னவென்றால், ஒழுங்கூரில் யாரும் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. ராணி முடித்துவிடுவாள். அவள் முடித்ததும் அந்த ஆளின் வாயிலிருந்து அந்தச் சொல் ஒரு குமிழியாக வெளியே வந்து ராணியின் ஊறுகாய் ஜாடியில் போய் விழும். அப்படியே ஊர் பூராவும் ஊமை. தண்ணீர் வேண்டும் என்று வாயெடுத்தவனுக்கு ராணி பாயசம் கொடுக்கிறாள், அவன் விக்கிக்கொண்டே பாயசம் குடிக்கிறான். காக்கா வக்கீல் பறந்து வந்து அவள் கிரீடத்தில் அசிங்கம் பண்ணிற்று பாருங்கள், அந்தக் கூடத்தின் கூரை பிய்ந்துபோகாததுதான் மிச்சம்.

நான் வில்லி. எனக்கு என் வசனத்தை மட்டும் கொடுத்து, வில்லி என்று சொல்லாமலே பேசவைத்துவிட்டார்கள். அந்தக் கதையில் புத்தியோடு பேசுகிற ஒரே ஆள் ராணிதான், அவளைப் போய் வில்லி ஆக்கியிருக்கிறார்கள்.

எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், எங்கம்மா மாதிரியே இருக்குடி என்றாள். யார் பெற்ற பிள்ளையோ, அந்த அம்மா எப்படிப்பட்டவளோ என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஒன்று, ராணி பேசும்போது இரண்டு விரலால் நெற்றிப்பொட்டில் தட்டிக்கொள்கிறாள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு முறைப்பு முறைக்கிறாள், அது அப்படியே என் மாமியார். அச்சு அசல். அவர் தவறிப்போய் எவ்வளவு வருஷமாயிற்று, இந்த ஜெபராஜ் அவரைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை, எப்படிப் பிடித்தார்களோ.

பிள்ளைகளுக்கு நடுவில் தாரிணி உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் படத்தைப் பார்க்கவில்லை. திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று சைகை செய்தேன். திரும்பிக்கொண்டாள்.

கடைசியில் ஜெபராஜ், இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டான். ஒரு பெண் எழுந்து, மற்றவர்கள் பேசி முடிக்கிறவரைக்கும் நாம் பொறுமையாக இருக்க வேண்டும் என்றாள். நான் எழுதியதுதான், குறுக்கே பேசாதே என்பது. ஆக, நீதி போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த ஒரு திருப்திதான்.

ஆனாலும் விடுவேனா? வீட்டுக்கு வந்ததும் ஜெபராஜைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். கடைசிக் கதைக்கு நான் பேசமாட்டேன் என்றேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. கடைசிக் கதையிலும் ராணிதான், நடுவில் குரலை மாற்ற முடியாது, மாற்றினால் முன்னால் வரைந்த வாயெல்லாம் வீண். ஆன்ட்டி ஆன்ட்டி என்று கெஞ்சினான். சரி, இரண்டு நிபந்தனை என்றேன். சிட்டு வந்து ராணியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கடைசி வார்த்தை ராணியுடையதாக இருக்க வேண்டும். தாரிணி மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “அந்த சீனை நான் எழுதட்டுமா, ஜெபாண்ணா?” என்றாள். அத்தனை மாசத்தில் என் எதிரில் அவள் பேசிய முழு வாக்கியம் அதுதான்.

அப்புறம் வந்ததுதான் அந்த நாள். ஏப்ரலில், மத்தியானம். வழக்கத்துக்கு விரோதமாக எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகவே அந்த அறைக்குள் விட்டார்கள். எழுதினவள் அப்படித்தான் கேட்டாளாம். எனக்கு ஒரு ஸ்டூல், அவளுக்கு ஒரு ஸ்டூல், முழங்கால் முட்டும். என் தாளைப் பார்த்தால் ஒரே ஒரு சொல். “சொல்.” அவ்வளவுதான். அதற்குக் கீழே, ராணி காத்திருக்கிறாள் என்று எழுதியிருக்கிறது. இதற்கா நான் புடவை மாற்றிக்கொண்டு வந்தேன்?

ஆரம்பித்தார்கள்.

“ராணி, நான் ஒண்ணு சொல்லணும்” என்றாள் சிட்டு.

“சொல்” என்றேன்.

அவள் பேசவில்லை. தாளையே பார்க்கிறாள். எவ்வளவு நேரம் சும்மா இருப்பது? மறந்துவிட்டாளோ என்று, மன்னிப்புக் கேட்கணும், அதானே என்று எடுத்துக்கொடுத்தேன். ஷப்னம் கட் என்றாள். மறுபடி. மறுபடியும் அந்த மௌனம். இந்த முறை தொண்டையைத்தான் கனைத்தேன், அதற்கும் கட். அடுத்த தடவை நான் வாயே திறக்கவில்லை, உதட்டை மட்டும் அசைத்துக் காட்டினேன், அதை எப்படிப் பார்த்தாளோ அந்த ஷப்னம். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஜெபராஜ், ஆன்ட்டி, ராணிக்கு இங்கே காது மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றான். நினைத்துக்கொண்டேன். முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். உள்ளே ஃபேன் கிடையாது, சத்தம் வரும் என்று. வியர்த்து ஊற்றுகிறது. சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று எவனுக்குத் தெரிகிறது.

அப்போது தாரிணி தாளை மடித்துக் கீழே வைத்துவிட்டாள். என்னை நேராகப் பார்த்தாள். சிட்டு குரல் இல்லை, அவள் குரல்.

“அம்மா, குன்னூர்...”

எனக்குப் புரிந்துவிட்டது. ஒரே நொடிதான். அவள் கண்ணில் தண்ணீர் நிற்கிறது, கன்னம் சிவந்திருக்கிறது. இத்தனை மாசமாக இந்தக் குழந்தை எதை அடக்கி வைத்திருந்தாள் என்று பளிச்சென்று விளங்கிவிட்டது. அவள் வாயால் அதைச் சொல்லவைக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரி இல்லை.

“போக வேண்டாம்டி கண்ணே” என்றேன். “நீ சொல்லவே வேண்டாம். அம்மாவுக்குத் தெரியாதா? குன்னூர் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீ என் கூடவே இரு.”

சொன்னதோடு நிற்கவில்லை. அங்கேயே, அந்த அறைக்குள்ளிருந்தே போன் போட்டு, எங்கள் பெண் வரவில்லை, சீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் சிஸ்டர் என்று சொல்லிவிட்டேன். தாரிணி என் கையைப் பிடித்தாள். போனைப் பிடுங்குகிற மாதிரி இருந்தது, அவ்வளவு வேகம், சந்தோஷத்தில் என்ன செய்கிறோம் என்றே தெரியவில்லை குழந்தைக்கு. வாயைத் திறந்தாள், மூடினாள். நான் அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷப்னம் அழுகிறாள். ஜெபராஜ் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். தாய்ப்பாசம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் அவர்கள் நேரில் பார்த்திருப்பார்கள்.

“சரிதானே செல்லம்?” என்றேன்.

“ம்” என்றாள்.

சாயங்காலம் இவரிடம் சொன்னால், மனுஷர் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “அவ வேண்டாம்னு சொன்னாளா?” என்கிறார். சொல்ல வேண்டுமா என்றேன். “என்ன சொல்ல வந்தான்னு கேட்டியா?” என்கிறார். ஒரு அம்மாவுக்குக் கேட்டால்தான் தெரியுமா? நீங்களே சொல்லுங்கள். இந்த ஆண்களுக்கு எல்லாம் எழுத்துமூலமாகக் கொடுக்க வேண்டும். மறுநாளே எனக்குத் தெரியாமல் கான்வென்ட்டுக்குப் போன் செய்திருக்கிறார், எதற்கு என்று கேட்டால் சும்மா என்றார். இடம் போய்விட்டதாம்.

அடுத்த வாரம் அவள் ஸ்கூலுக்குப் போயிருந்தபோது, கட்டிலுக்கு அடியில் பெருக்கினால் ஒரு சூட்கேஸ் இடிக்கிறது. திறந்தால் எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறாள். ஸ்வெட்டர், ரெயின்கோட், டார்ச், பெயர் எழுதின சாக்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே நாங்கள் மூன்று பேரும் இருக்கிற போட்டோ, உடையாமல் இருக்கத் துண்டில் சுற்றி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பயத்தில் இரண்டு மாசத்துக்கு முன்னாலேயே மூட்டை கட்டியிருக்கிறாள், பாவம். அத்தனையையும் எடுத்து பீரோவில் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். வந்து பார்த்தாள். அந்த சாக்ஸைத்தான் இப்போது ஸ்கூலுக்குப் போட்டுக்கொண்டு போகிறாள்.

இவ்வளவு செய்தேனே, என் அநியாயத்தைக் கேளுங்கள். கடைசிக் கதையைப் போன வாரம் எனக்குப் போட்டுக் காட்டினார்கள். நான் சொன்ன இரண்டு நிபந்தனையில் ஒன்றுகூட இல்லை. அன்றைக்கு நான் பேசியதில் “சொல்” என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் வெட்டிவிட்டார்கள். மிச்சத்தைத் தாரிணி பிறகு தனியாகப் போய்ப் பேசியிருக்கிறாள். படத்தில் ராணி சொல் என்று சொல்லிவிட்டுக் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், சிட்டு பேசுகிறாள். “எனக்கு உங்க மேல கோபம் இல்ல, ராணி. எனக்குப் போகணும். தனியா போய்ப் பாக்கணும், அவ்வளவுதான். கதவைத் திறங்க.” கதவு திறக்கிறது. சிட்டு ஒரு தகரப் பெட்டியைத் தூக்கி மீன்பாடி வண்டியில் வைத்துக்கொண்டு ஏறிப் போகிறாள், மலைப் பக்கமாக, பாடிக்கொண்டே. ராணி வாசலில் நின்று கையாட்டுகிறாள். ஜாடியிலிருந்த சொல்லெல்லாம் பறந்து போய் அவரவர் வாயில் சேர்ந்துவிடுகிறது.

மன்னிப்பும் இல்லை, நீதியும் இல்லை. கடைசி வார்த்தையும் என்னுடையது இல்லை. அதைக்கூட விடுங்கள், அந்தப் பெட்டி எதற்கு? இத்தனை கதையில் எங்கேயும் அந்தப் பெண்ணுக்குப் பெட்டி கிடையாது, வெறுங்கையோடு ஊர் ஊராகப் பறந்தவள். எதற்குடி பெட்டி, தர்க்கமே இல்லையே என்று தாரிணியைக் கேட்டேன். “ம்” என்றாள். கீழே போவதையும் நிறுத்திவிட்டாள் இப்போது. சாயங்காலம் என் கூடவேதான் இருக்கிறாள், மேலே, ஜன்னல் பக்கத்தில். நான் ஆசைப்பட்ட மாதிரியே.

அதோ, என் டோக்கனைத்தானே கூப்பிடுகிறார்கள்? இல்லை, உங்களுடையதா? இருங்கள், அவர்கள் தப்பாகக் கூப்பிடுகிறார்கள், நான் கேட்டுச் சொல்கிறேன். என் பெண்ணும் கூட வந்திருக்கிறாள், இன்றைக்கு சனிக்கிழமை லீவு. எனக்கு எல்லாம் மங்கலாக இருக்கிறது, அந்தத் தண்ணீர் கேன் பக்கத்தில் நீலச் சுடிதார் தெரிகிறதா? அவள்தான். போகிறபோது நீங்களே கேட்டுப் பாருங்கள், குன்னூர் போகாமல் இருப்பதில் எவ்வளவு சந்தோஷம் என்று. வேண்டாம், கேட்காதீர்கள். அவளுக்குச் சொல்லத் தெரியாது. நான்தான் சொல்லிவிட்டேனே.